டிப்ளமா முடித்தவர் பி.எஸ்சி. சேர்வது எப்படி? செட்டிநாட்டு மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி கல்லூரிச் சாலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி, கலைக் கல்லூரி, பல்கலைக்கழகம், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி எல்லாமே சைக்கிளில் சுற்றி வந்துவிடக்கூடிய தூரத்துக்குள் இருக்கின்றன. கோட்டையூர் வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-இல் கலைக் கல்லூரியைத் தொடங்கினார். சிக்ரிக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இவ்வளவும் ஒரே ஊரில் இருந்தும், பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்த பிள்ளை பக்கத்துக் கட்டடத்தில் பி.எஸ்சி. சேரப் போனால், "உன் பிளஸ் டூ மார்க் ஷீட் எங்கே?" என்ற கேள்வியில் நின்றுவிடுகிறது.

அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதுதான் இந்த வழிகாட்டியில் முக்கியமானது. பாடத் தேர்வு, கட்டணம், மேற்படிப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எதற்காக பி.எஸ்சி. என்று முதலில் முடிவு செய்யுங்கள்

டிப்ளமா முடித்ததும் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "பி.இ. சேர வேண்டியதுதானே?" என்பது. நியாயமான கேள்விதான். டிப்ளமாக்காரர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், மூன்றே ஆண்டுதான். பி.எஸ்சி.யும் மூன்று ஆண்டு. அந்த நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கைக் கலந்தாய்வை மாநிலம் முழுவதற்கும் பல ஆண்டுகள் நடத்தியதும் நம்ம ஊர் அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரிதான். ஆகவே இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழி அது.

என் கருத்து இது. இயந்திரம், கட்டுமானம், மின்சாரம் என்று படித்த தொழிலிலேயே மேலே போக விரும்புகிறவர் பி.இ.தான் போக வேண்டும். பி.எஸ்சி. அவருக்குச் சுற்றுவழி. ஆசிரியர் வேலை, எம்.எஸ்சி., ஆராய்ச்சி, ஏதாவது ஒரு பட்டம் கேட்கும் அரசுத் தேர்வுகள், தரவு அறிவியல் என்ற திசைகளில் போக நினைப்பவருக்கு பி.எஸ்சி. நேர்வழி. "பி.இ. கிடைக்கவில்லை, அதனால் பி.எஸ்சி." என்று வருகிறவர்களில் பலர் இரண்டாம் செமஸ்டரிலேயே சோர்ந்துபோகிறார்கள். அறிவியல் படிப்பு கைவேலையைவிடக் காரணத்தைத்தான் அதிகம் கேட்கும்.

ஒரு சின்ன உதாரணம். ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறையில் கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, நிறக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, காய்ந்த கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். சிவில் டிப்ளமா படித்தவருக்கு அதைக் 'க்யூரிங்' என்று தெரியும், எத்தனை நாள் என்றும் தெரியும். வேதியியல் வகுப்பில் கேள்வி மாறும்: சிமெண்டில் இருக்கும் கால்சியம் சிலிகேட் தண்ணீரோடு வினைபுரிந்து எதுவாகிறது? அப்போது கால்சியம் ஹைட்ராக்சைடு எங்கிருந்து வருகிறது? அதே ஊரில் பழைய வீட்டுச் சுவரில் இருக்கும் சுண்ணாம்புப் பூச்சு தண்ணீரால் இறுகுவதில்லை, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி இறுகுகிறது. அது ஏன்? இந்த 'ஏன்' உங்களைப் பிடித்து இழுத்தால் பி.எஸ்சி. பக்கம் வாருங்கள். "எத்தனை நாள் ஊறணும், அதைச் சொல்லுங்க போதும்" என்று தோன்றினால் அதிலும் தப்பில்லை, பி.இ. போங்கள்.

பிளஸ் டூ படித்தவரா, பத்தோடு போனவரா?

டிப்ளமாவுக்குள் இரண்டு வாசல் வழியாக மாணவர்கள் வருகிறார்கள். பத்தாம் வகுப்பு முடித்து முதலாண்டில் சேர்ந்து மூன்று ஆண்டு படித்தவர்கள் ஒரு சாரார். பிளஸ் டூ முடித்தோ ஐ.டி.ஐ. முடித்தோ நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் இன்னொரு சாரார். பி.எஸ்சி. சேர்க்கையைப் பொறுத்தவரை இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

பிளஸ் டூ முடித்து டிப்ளமா போனவருக்குப் பிரச்சினையே இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துப் பி.எஸ்சி. முதலாண்டுக்கு மற்ற மாணவர்களைப் போலவே விண்ணப்பிக்கலாம். டிப்ளமா மதிப்பெண்ணை விண்ணப்பத்தில் போடத் தேவையில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பிளஸ் டூவில் எந்தக் குரூப்? வணிகவியல் படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் டிப்ளமா போனவர் பி.எஸ்சி. இயற்பியல் கேட்டால், டிப்ளமாவில் எவ்வளவு எடுத்திருந்தாலும் பிளஸ் டூ பாடங்களைத்தான் பார்ப்பார்கள்.

பத்தாம் வகுப்பிலிருந்து நேராகப் போனவர் கதை வேறு. எண்ணிப் பார்த்தால் பத்தும் மூன்றும் பதின்மூன்று, பிளஸ் டூவைவிட ஓராண்டு கூடுதல். அதனால் தானாகவே சமம்தானே என்று பெற்றோர் நினைக்கிறார்கள். சேர்க்கை விதி ஆண்டுக் கணக்கோடு நிற்பதில்லை. "மேல்நிலைத் தேர்வு அல்லது அதற்கு இணையானது" என்று எழுதியிருக்கும், அதன் கீழே "இன்னின்ன பாடங்களுடன்" என்று இன்னொரு வரி இருக்கும். முதல் வரியைத் தாண்டிவிட்டு இரண்டாவது வரியில் மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். டிப்ளமாவின் முதலாண்டில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் உண்டு. பொறியியல் மாணவருக்குத் தேவையான அளவில் அவை இருக்கும். ஒரு துறை அதைப் போதும் என்று ஏற்கும், இன்னொரு துறை ஏற்காது.

சமநிலையை (டிப்ளமா பிளஸ் டூவுக்கு இணை என்பதை) எழுத்தில் வாங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

கல்லூரி அலுவலகத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்று, "டிப்ளமா முடிச்சிருக்கேன் சார், பி.எஸ்சி. சேரலாமா?" என்று கேட்டால், அன்றைக்கு யார் உள்ளே இருக்கிறாரோ அவருடைய மனநிலைக்கு ஏற்ற பதில் வரும். "சேரலாம் தம்பி, வா பார்த்துக்கலாம்" என்பது பதிலே இல்லை. சேர்ந்து, பணம் கட்டி, இரண்டு மாதம் வகுப்புக்குப் போன பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து "தகுதி இல்லை" என்று தாள் வந்தால் அந்த ஆண்டே போய்விடும்.

யாரிடம் கேட்க வேண்டும் என்பதை ஊர் முடிவு செய்கிறது. செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. சிவகங்கை மாவட்டத்துக் கல்லூரிகள் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன: காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரி, தேவகோட்டை சேவுகன் அண்ணாமலை கல்லூரி, திருப்பத்தூர் ஆறுமுகம் பிள்ளை சீதை அம்மாள் கல்லூரி, பள்ளத்தூர் சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி முதலியவை. பொன்னமராவதி, திருமயம் பக்கத்து மாணவர் புதுக்கோட்டை மாவட்டம். அங்கே மாமன்னர் கல்லூரி போன்றவை திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இடைவெளியில் பல்கலைக்கழகம் மாறிவிடும், விதியும் மாறலாம். காரைக்குடியில் ஒருவருக்குக் கிடைத்த பதிலை வைத்துப் புதுக்கோட்டையில் இன்னொருவர் நம்பிக்கை வைக்க முடியாது.

ஆகவே எந்தக் கல்லூரியோ, அதை இணைத்திருக்கும் பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் மூன்று விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும். நீங்கள் பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தத் துறையில், எந்த ஆண்டு, மாநிலத் தொழில்நுட்பக் கல்வி வாரியத்தின் கீழ் மூன்றாண்டு டிப்ளமா முடித்தீர்கள் என்பது. எந்த பி.எஸ்சி. பாடத்தில் முதலாண்டு சேர விரும்புகிறீர்கள் என்பது. அந்தப் பாடத்துக்கு உங்கள் டிப்ளமா மேல்நிலைத் தேர்ச்சிக்கு இணையாக ஏற்கப்படுமா, தகுதிச் சான்று வழங்கப்படுமா என்ற நேரடிக் கேள்வி. முதலாண்டு மதிப்பெண் பட்டியலின் நகலை இணையுங்கள், அதில்தான் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் இருக்கின்றன. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடிக்காரர் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கலாம். ஏற்கிறோம் என்று வரும் பதில்தான் உங்கள் சமநிலைக் கடிதம்.

எப்போது எழுதுவது? ஐந்தாம் செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு. இறுதி செமஸ்டர் முடியட்டும் என்று காத்திருந்தால் பதில் வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிடும்.

இன்னொரு சமநிலை, அரசு வேலைக்கானது. பட்டங்களின் இணைத்தன்மையைப் பரிசீலிக்கும் வேலை தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்திடம் இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கைகளில் பட்டம் '10+2+3 அல்லது அதற்கு இணையான' வரிசையில் பெறப்பட்டிருக்க வேண்டும் என்று வரும். டிப்ளமாவை இரண்டின் இடத்தில் வைத்தவர்கள் அந்த இணைத்தன்மைக்கான தாளை பி.எஸ்சி. படிக்கும்போதே தேடி வைத்துக்கொள்வது நல்லது. சான்றிதழ் சரிபார்ப்புக்குச் சென்னையில் வரிசையில் நிற்கும்போது தேட ஆரம்பிப்பது பாவம்.

தமிழ்வழிக் கல்விக்கான 20 விழுக்காட்டு ஒதுக்கீட்டிலும் ஒரு முள் இருக்கிறது. 2020-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பட்டம் மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, டிப்ளமாவை ஆங்கில வழியில் முடித்து, மறுபடி பி.எஸ்சி.யைத் தமிழ்வழியில் படித்தாலும் நடுவில் இருக்கும் ஆங்கில வழி மூன்று ஆண்டு அந்தச் சலுகையைச் சிக்கலாக்கும். அதை நம்பிப் பாட மொழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இணை என்று ஏற்காவிட்டால்

அப்போது பிளஸ் டூ எழுதிவிடுவது ஒரு வழி. கேட்டதும் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஆசிரியர் ஆக நினைப்பவருக்கு இதுவே சுத்தமான வழி. பி.எட். சேரும்போதும், ஆசிரியர் தேர்வு வாரியத்திலும் பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்த வரிசை உடையாமல் இருந்தால் பிற்காலத்தில் எவரோடும் வாதாட வேண்டாம்.

மாநில வாரியத்தில் தனித்தேர்வராக எழுதலாம்.  ஆனால் பள்ளியில் படிக்காமல் நேரடியாக எழுதும் தனித்தேர்வருக்குச் செய்முறை உள்ள அறிவியல் பாடங்கள் கிடைப்பதில்லை. அறிவியல் பட்டத்துக்கு அது உதவாது. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் செய்முறையோடு எடுத்துப் படிக்கலாம். ஐந்து பாடம், ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு. டிப்ளமா முடித்த கையோடு கணிதத்தில் தேறுவது கடினமில்லை. வேதியியலில்தான் கரிம வேதியியல் புதிதாக இருக்கும். தமிழக அரசு வேலைதான் இலக்கு என்றால், திறந்தநிலைப் பள்ளிச் சான்றிதழைப் பற்றிய நடப்பு அரசாணையைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பிளஸ் டூ எழுதும் காலத்தில் வீட்டில் சும்மா இருக்க வேண்டியதில்லை. டிப்ளமா முடித்தவர்களுக்கான தொழில் பழகுநர் பயிற்சி ஓராண்டு. உதவித்தொகை உண்டு, சான்றிதழும் உண்டு. பகலில் பயிற்சி, இரவில் பாடம் என்று இருப்பவர்களுக்குப் பி.எஸ்சி. முதலாண்டுக் கட்டணம் கையில் சேர்ந்துவிடும்.

எந்த டிப்ளமாவுக்கு எந்தப் பாடம்

கம்ப்யூட்டர், ஐ.டி. டிப்ளமாவிலிருந்து பி.எஸ்சி. கணினி அறிவியலுக்கோ பி.சி.ஏ.வுக்கோ போவதில் அதிகச் சிரமம் இல்லை. சில பல்கலைக்கழகங்கள் இந்தப் படிப்புகளில் டிப்ளமாக்காரரை இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்த்திருக்கின்றன. அப்படி ஒரு இடம் கிடைத்தால் ஓராண்டு மிச்சம். ஆனாலும் அந்தப் பட்டம் நீங்கள் போக நினைக்கும் இடத்தில் மூன்றாண்டுப் பட்டமாக ஏற்கப்படுமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். எம்.எஸ்சி. சேர்க்கையில் ஆறு செமஸ்டர் மதிப்பெண் கேட்கும்போது நாலுதான் இருக்கிறது என்று விழிக்கக் கூடாது.

மின்னியல், மின்னணுவியல் படித்தவருக்கு இயற்பியல் பொருந்தும். மின்சுற்று, குறைகடத்தி, டிஜிட்டல் என்று பாடத்திட்டத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே கைக்குப் பழகியதாக இருக்கும். இயந்திரவியலிலிருந்து வந்தவரும் இயற்பியலுக்கே வரலாம், வெப்ப இயக்கவியல் அவருக்குச் சொந்த ஊர் மாதிரி. கெமிக்கல் டிப்ளமாவுக்கு வேதியியல். காரைக்குடியில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. மின்கலம், அரிமானம், மின்முலாம் என்று சிக்ரியில் நடப்பது எல்லாமே மின்வேதியியல், அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொழில் வேதியியலுக்கென்றே துறை இருக்கிறது.

கணிதம் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிப்ளமாவில் நீங்கள் போட்ட கணக்கு வேறு, பி.எஸ்சி. கணிதம் வேறு. வகைக்கெழு, தொகையீடு, அணி எல்லாம் உங்களுக்கு அத்துப்படியாக இருக்கும். முதல் செமஸ்டரில் பக்கத்து இருக்கைக்காரருக்குச் சொல்லிக்கூடக் கொடுப்பீர்கள். மெய்ப்பகுப்பாய்வும் இயற்கணிதமும் வந்ததும் விடை கேட்பது நின்று நிறுவல் கேட்பது தொடங்கும். "இந்தத் தொடர் குவிகிறது என்று காட்டு" என்ற கேள்விக்கு சூத்திரத்தில் எண்ணைப் போட்டு ஒன்றும் செய்ய முடியாது. அந்த மாற்றம் பிடிக்குமா என்று பிளஸ் ஒன், பிளஸ் டூ கணிதப் புத்தகங்களில் இருக்கும் நிறுவல்களை ஒரு வாரம் எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல் பக்கம் பொறியியல் டிப்ளமாக்காரர் போக முடியாது. உயிரியல் படித்திருக்க வேண்டும்.

விண்ணப்பமும் நாட்காட்டியும்

அரசு கலைக் கல்லூரிகளுக்கு மாநிலம் முழுவதும் ஒரே இணையதளம் வழியாகத்தான் விண்ணப்பம். கடந்த சில ஆண்டுகளாகப் பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத் தொடக்கத்தை ஒட்டியே அது திறக்கிறது. தரவரிசை, மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துப் போடப்படுகிறது. டிப்ளமா மதிப்பெண் அந்தக் கட்டத்துக்குள் பொருந்தாது. சமநிலைக் கடிதம் கையில் இருப்பவர் விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரி உதவி மையத்துக்குப் போய், மதிப்பெண்ணை எப்படிப் பதிவது என்று கேட்டு அவர்கள் முன்னாலேயே நிரப்புவது பாதுகாப்பு. வீட்டில் உட்கார்ந்து தோராயமாக ஒரு எண்ணைப் போட்டால் சரிபார்ப்பில் தள்ளிவிடுவார்கள்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளும் சுயநிதிக் கல்லூரிகளும் தனித்தனியே விண்ணப்பம் வாங்குகின்றன. டிப்ளமாக்காரருக்கு நடைமுறையில் இங்கே பேச இடம் அதிகம், முதல்வரையே நேரில் பார்க்க முடியும். அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. முதலில் அதற்கு முயன்றுவிட்டு மற்றதைப் பாருங்கள்.

பெரிய சிக்கல் காலம்தான். பாலிடெக்னிக் இறுதி செமஸ்டர் முடிவு வருவதற்கு முன்பே கலைக் கல்லூரி விண்ணப்பம் மூடிவிடக்கூடும். ஐந்து செமஸ்டர் மதிப்பெண் பட்டியலையும், இறுதித் தேர்வு எழுதியதற்கான அத்தாட்சியையும் வைத்து விண்ணப்பத்தைப் பதிந்துவிடுங்கள். அரியர் இருந்தால் இந்தத் திட்டத்தையே ஓராண்டு தள்ளிப்போடுங்கள். அரியரோடு சேர்த்துக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு தனி. நமக்குப் பக்கத்தில் திருவாரூரில் ஒன்று இருக்கிறது. அங்கேயும் தேர்வு எழுதத் தகுதி என்பது ஒன்று, குறிப்பிட்ட பாடத்தில் சேரத் தகுதி என்பது இன்னொன்று.

கையில் இருக்க வேண்டிய தாள்கள்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், டிப்ளமாவின் ஆறு செமஸ்டர் பட்டியல், ஒருங்கிணைந்த பட்டியல், தற்காலிகச் சான்று அல்லது டிப்ளமாச் சான்று, மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்று, சாதிச் சான்று, ஆதார், புகைப்படம், சமநிலைக் கடிதம். இடப்பெயர்வுச் சான்று கேட்பார்களா என்று முன்பே கேட்டு வாருங்கள், வேறு வாரியத்திலிருந்து வருகிறவரிடம் பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன.

பெயரின் முதலெழுத்தைச் சரிபாருங்கள். நம்ம பக்கத்தில் அப்பா பெயரின் முதலெழுத்தோடு ஊர் முதலெழுத்தும், நகரத்தார் வீடுகளில் ஐயா (தாத்தா) பெயரும் சேர்ந்து நிற்கும். பத்தாம் வகுப்பில் 'எஸ்.பி.' என்றும், டிப்ளமாவில் வெறும் 'எஸ்.' என்றும், ஆதாரில் அப்பாவின் முழுப் பெயராகவும் இருந்தால் ஒவ்வொரு சரிபார்ப்பிலும் நிறுத்துவார்கள். டிப்ளமாச் சான்றில் திருத்தம் வேண்டும் என்றால் பாலிடெக்னிக்கை விட்டு வெளியே வருவதற்குள் அந்த அலுவலகத்திலேயே மனு கொடுத்துவிடுங்கள். பிறகு சென்னைக்கு அலைய வேண்டியிருக்கும்.

சேர்வதற்கு முன் இரண்டு மாதம்

பாடநூல் கழகத்தின் பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகங்கள் இணையத்தில் இலவசம், தமிழிலும் ஆங்கிலத்திலும். எல்லாவற்றையும் படிக்க உட்காராதீர்கள். இயற்பியலுக்குப் போகிறவர் பிளஸ் டூ புத்தகத்தில் ஒளியியலையும், கதிர்வீச்சின் இருமைப் பண்பையும், அணு இயற்பியலையும் படித்தால் போதும், மீதி உங்களுக்கு ஓரளவு தெரியும். வேதியியலுக்குப் போகிறவர் கரிம வேதியியலை பிளஸ் ஒன்னிலிருந்தே தொடங்க வேண்டும், பெயரிடும் முறையில் ஆரம்பித்து. டிப்ளமா வேதியியலில் அது ஏறக்குறைய இல்லை. வகுப்பில் மற்றவர்கள் அதை இரண்டு ஆண்டு படித்துவிட்டு வந்திருப்பார்கள். கணிதத்துக்குப் போகிறவர் கலப்பெண்கள், வெக்டர் இயற்கணிதம், பிளஸ் டூ கடைசி அத்தியாயமான தனிநிலைக் கணிதம் மூன்றையும் எழுதிப் பார்க்கட்டும்.

தமிழும் படிக்க வேண்டும். பலர் எதிர்பார்க்காத இடம் இது. பி.எஸ்சி.யில் முதல் இரண்டு ஆண்டு பகுதி ஒன்றில் தமிழ், பகுதி இரண்டில் ஆங்கிலம். செய்யுள், உரைநடை, இலக்கிய வரலாறு எல்லாம் வரும். மூன்று ஆண்டு டிராயிங் போர்டும் லேத்துமாக இருந்தவர் மனப்பாடப் பாட்டைப் பார்த்ததும் திகைத்துப் போகிறார். இயற்பியலில் முதல் வகுப்பு, தமிழில் அரியர் என்று நிற்கும் டிப்ளமா மாணவர்கள் உண்டு. மொழித்தாளில் அரியர் இருந்தாலும் பட்டம் வராது.

வகுப்பில் உங்கள் பலம்

ஆய்வகம். இதில் சந்தேகமே வேண்டாம். பதினேழு வயதில் முதன்முதலாக வெர்னியர் அளவியைத் தொடுகிறவர்கள் நடுவில், அதை வைத்து மூன்று ஆண்டு வேலை செய்தவர் நீங்கள். மல்டிமீட்டரை எந்த வரம்பில் வைப்பது, அளவீட்டை எத்தனை முறை எடுப்பது, ரெக்கார்டு நோட்டில் படம் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அதே பழக்கம் ஒரு இடத்தில் காலை வாரும். பயிற்சிக்கூடத்தில் 'போதுமான துல்லியம்' என்று ஒன்று இருந்தது. இங்கே ஆசிரியர் பிழை எவ்வளவு, அது எங்கிருந்து வந்தது என்று எழுதச் சொல்வார். அந்தப் பிழைக் கணக்கை முதல் சோதனையிலிருந்தே எழுதிப் பழகுங்கள்.

வகுப்புத் தோழர்கள் உங்களைவிட ஓரிரு வயது இளையவர்கள். "அண்ணே" என்று கூப்பிடுவார்கள். முதல் மாதம் கூச்சமாக இருக்கும், செய்முறைத் தேர்வு வந்ததும் உங்களைச் சுற்றித்தான் உட்காருவார்கள்.

பணம்

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டமும் (2022 செப்டம்பரில் தொடங்கியது), ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024 ஆகஸ்ட்) மாதம் 1000 ரூபாய் தருகின்றன. இரண்டும் டிப்ளமாவுக்கும் பொருந்தும். டிப்ளமாவிலேயே அதை வாங்கியவர்கள் பட்டப் படிப்பிலும் அதே தொகை வரும் என்று கணக்குப் போட்டு வீட்டில் சொல்லிவிடாதீர்கள். கல்லூரியில் அந்தத் திட்டத்தைக் கவனிக்கும் பொறுப்பாசிரியரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நகரத்தார் அறக்கட்டளைகள் செட்டிநாட்டில் படிப்புக்கு உதவுவது புதிதல்ல. ஊர்க் கோயில் அலுவலகத்திலோ நகரச் சங்கத்திலோ மே மாதமே விசாரியுங்கள். ஆடி பிறந்த பிறகு போனால் அந்த ஆண்டுத் தொகையைக் கொடுத்து முடித்திருப்பார்கள்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பது

வேலையை விட முடியாதவர்களுக்குத் தொலைநிலைக் கல்வி இருக்கிறது. காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொலைநிலை மற்றும் இணையவழிக் கல்வி மையம் இயங்குகிறது. எங்கே சேர்ந்தாலும், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். 2024-இலிருந்து மாணவரே அந்தப் பிரிவின் தளத்தில் ஓர் அடையாள எண் எடுத்த பிறகுதான் சேர முடியும். அந்த எண் கேட்காமல் யாராவது பணம் வாங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆய்வகம் தேவைப்படும் இயற்பியல், வேதியியலைத் தொலைநிலையில் படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சென்னை ஐ.ஐ.டி. 2021-இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப் படிப்பை டிப்ளமாக்காரர்கள் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய மூன்றாண்டு டிப்ளமாவை அவர்கள் பிளஸ் டூவுக்கு இணையாக ஏற்கிறார்கள், ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை. நான்கு வாரப் பாடம் படித்து, நேரில் போய்த் தகுதித் தேர்வு எழுத வேண்டும். பாடம் இணையத்தில், தேர்வுகள் மையத்தில். மூன்றாண்டு அளவில் பி.எஸ்சி.யாக வெளியே வரலாம், தொடர்ந்தால் நான்காண்டு பி.எஸ். பட்டம். வருமானத்தையும் வகுப்பையும் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. கணிதமும் புள்ளியியலும் முதல் ஆண்டிலேயே பலரை வடிகட்டிவிடும். வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு மேல் உட்காரக்கூடியவர்கள் மட்டும் இறங்குங்கள்.

மூன்றாம் ஆண்டில் செய்ய வேண்டியது

எம்.எஸ்சி. எண்ணம் இருந்தால் ஐ.ஐ.டி.கள் நடத்தும் 'ஜாம்' தேர்வுக்கு ஐந்தாம் செமஸ்டர் நடக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு பிப்ரவரியில் வரும். இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல் எல்லாம் தனித்தனித் தாள். முதுநிலைப் பொறியியல் படிப்புகளுக்கான 'கேட்' தேர்வையும் மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். பொறியியல் அடிப்படை இருப்பதால் மின்னியல், இயந்திரவியல் தாள்களைப் பார்த்தால் உங்களுக்கு அந்நியமாக இருக்காது. பி.எஸ்சி. முடித்த பிறகு மனம் மாறி பி.இ. வேண்டும் என்றாலும், கணிதம் படித்திருந்தால் அதே நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கையில் பி.எஸ்சி.க்காரருக்கும் இடம் உண்டு.

உள்ளூரிலேயே இருக்க நினைப்பவர் மூன்றாம் ஆண்டுத் திட்டப்பணிக்கு இரண்டாம் ஆண்டு கோடை விடுமுறையிலேயே ஆள் தேடட்டும். பல்கலைக்கழகத் துறைகளிலோ சிக்ரியிலோ வழிகாட்ட ஒருவரைக் கேட்கும்போது, "எனக்கு ஒரு புராஜெக்ட் கொடுங்கள்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். டிப்ளமாவில் எந்தக் கருவியில் வேலை செய்தீர்கள், எதைக் கழற்றி மாட்டத் தெரியும், எந்த மென்பொருளில் வரையத் தெரியும் என்று நான்கு வரி எழுதி, துறைத் தலைவர் கையெழுத்தோடு அனுப்புங்கள். ஆய்வகத்தில் பழுதான சுற்றைத் தானே சரிசெய்யத் தெரிந்த பி.எஸ்சி. மாணவர் அதிகம் கிடைப்பதில்லை.